ராவணனுக்கு ஒரு வணக்கம் சொல்லு

நாடகம் முடிந்ததும் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, அரங்கத்தின் பக்கவாசல் வழியாக உள்ளே போய், வேஷம் கலைக்காத நடிகரைக் காட்டிவிட்டு வீடு திரும்பும் வழக்கம் சென்னை சபாக்களில் செத்துப்போய்விட்டது. என்றைக்கு என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. பேப்பரில் கறுப்புக் கட்டம் கட்டிப் போடவில்லை; பத்தாம் நாள் காரியம் செய்யவும் யாரும் முன்வரவில்லை. சபா செயலாளர்களிடம் விசாரித்தால், "இப்பல்லாம் யார் சார் குழந்தைகளை நாடகத்துக்கு அழைச்சிண்டு வரா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மாத நிகழ்ச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் ஒரு சின்னக் குழுவில் கொஞ்ச காலம் பிராம்ப்டராக இருந்தவன். புராண நாடகம் போடும் அமெச்சூர் குழு. பகலில் வங்கி, தபால் ஆபீஸ், ரயில்வே என்று உட்கார்ந்திருப்பவர்கள் சனி, ஞாயிறு ராத்திரிகளில் அசுரர்களாகவும் ரிஷிகளாகவும் ஆகிவிடுவார்கள். பிராம்ப்டர் என்பவன் பக்கத் திரைக்குள் நோட்டுப் புத்தகமும் டார்ச் லைட்டுமாக நிற்கிறவன். அவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் எல்லாரையும் பார்க்கிறான். ஆகவே இந்த வழக்கத்தை நான் அறிந்ததெல்லாம் வாசலுக்கு உள்ளே இருந்துதான்.

நியூயார்க்கில் பிராட்வே நாடகங்களுக்கும் இப்படி ஒரு வாசல் உண்டு. அங்கே ரசிகர்கள் தெருவில், தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம், நாடகப் புத்தகத்தையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நடிகர்கள் வெளியே வந்து கையெழுத்துப் போடுவார்கள். நம் ஊரில் நடிகர் வெளியே வரமாட்டார். நாம்தான் உள்ளே போவோம். வித்தியாசம் சின்னதாகத் தெரியும், சின்னதில்லை. வெளியே வருகிறவர் முகம் கழுவி, தலை வாரி, சொந்தச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார். உள்ளே போனால், பாதியில் நிற்கிற ஆளைப் பார்க்கலாம். கிரீடம் இறங்கியிருக்கும், புருவம் இன்னும் தூக்கியபடியே இருக்கும். அவர் இலங்கேஸ்வரனும் இல்லை, ரயில்வே குமாஸ்தாவும் இல்லை. குழந்தைக்குக் காட்ட வேண்டியது அந்த ஆளைத்தான். பெற்றவர்கள் இதை யோசித்துச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. "வா, உள்ளே போய்ப் பாத்துட்டு வரலாம்" என்பார்கள், அவ்வளவுதான்.

கிரீன் ரூம் என்பது பெயருக்குத்தான். சுவரில் நீளக் கண்ணாடி, அதைச் சுற்றிக் குண்டு பல்புகள், அவற்றில் பாதி எரியாது. தேங்காயெண்ணெய், பான்கேக், ஸ்பிரிட் கம், வியர்வை, பக்கத்து கேன்டீனில் கடைசி ஈடு போண்டா எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. நாற்காலிகள் எப்போதும் குறைச்சல். இருக்கிற ஒன்றில் கிரீடம் உட்கார்ந்திருக்கும், அதற்கு உரியவர் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார். கிரீடத்தைத் தரையில் வைத்தால் ஜிகினா உதிரும், வாடகைக் கடைக்காரர் காசு பிடிப்பார். ஒட்டுமீசையைப் பிய்த்துக் கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டி வைப்பார்கள்; மறுநாள் ஆட்டத்துக்கு வேண்டும். அசுர மீசையோடு டீ குடிப்பது ஒரு தனி வித்தை. கழுத்தைப் பின்னால் சாய்த்து, தம்ளரை உதட்டில் படாமல் தூக்கி, இரண்டு மடக்கில் முடித்துவிட வேண்டும். இரண்ய கசிபு அப்படி அண்ணாந்து டீ குடிப்பதை வாசலில் நின்று பார்த்த ஒரு பையன், அவர் தம்ளரைக் கீழே வைக்கும் வரை மூச்சு விடவில்லை.

எங்கள் துரியோதனன் ஒரு வங்கியில் கேஷியர். நல்ல உயரம், குரலும் கட்டைக் குரல். ஒரு ராத்திரி, தொடை பிளந்து செத்துச் சில நிமிஷம்கூட ஆகவில்லை, ஒரு அப்பா தன் பெண்ணோடு உள்ளே வந்தார். ஐந்து வயது இருக்கலாம். "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்றார். பெண் அவர் வேட்டிக்குப் பின்னால் போய்விட்டாள். கேஷியர் ஒன்றும் பேசவில்லை. மூலையில் சாத்தியிருந்த கதாயுதத்தை இரண்டு கையாலும் எடுத்து, பாரம் தாங்காதவர் மாதிரிப் பல்லைக் கடித்துக்கொண்டு, அவளிடம் நீட்டினார். அவளும் காலை அகட்டி, தோளை இறுக்கி, பெரிய கனத்துக்குத் தயாராகி வாங்கினாள். மூங்கில் தப்பைமேல் காகிதம் ஒட்டிப் பொன் வண்ணம் அடித்த சாமான் அது, கனமே கிடையாது. அவள் போட்ட பலத்துக்கு அது விருட்டென்று மேலே போய்த் தொங்கிக்கொண்டிருந்த பல்பில் இடித்தது. எல்லாரும் சிரித்தோம், அவள் சிரிக்கவில்லை. கதாயுதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அப்ப பீமன் அடிச்சப்ப உங்களுக்கு வலிக்கவே இல்லியா?" என்றாள், ஏமாற்றப்பட்டவள் குரலில்.

"வலிச்சுதும்மா" என்றார் கேஷியர், உண்மையாகவே நொந்துபோய். வெல்வெட் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் காட்டினார். தப்பை கீறிய சிவப்புக் கோடு ஒன்று தொடையில் இருந்தது. எங்கள் பீமனுக்குக் கைவேகம் அதிகம்; ஒத்திகையில் எத்தனை சொல்லியும் கேட்கமாட்டார். பெண் குனிந்து அந்தக் கோட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பீமன் எங்கே என்று கேட்டாள். பீமன் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தார்.

இப்படிக் குழந்தையோடு உள்ளே போவது ஏதோ ஆதிகாலத்துப் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது மேடையில் இருந்தவர்களும் எதிரே உட்கார்ந்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே வர்க்கம். வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியே அங்கே வேஷம் கட்டியிருக்கிறார். நாடகம் முடிந்து உள்ளே போவது என்றால் கோர்ட்டில் பார்க்கிற நண்பருக்குக் கை கொடுக்கப் போவது, அவ்வளவே. அதில் குழந்தைக்கு இடமில்லை.

பாய்ஸ் கம்பெனிகளின் காலத்தில் அந்த வாசல் அடைத்தே கிடந்தது. அடைத்ததற்கு நியாயமும் இருந்தது. உள்ளே இருந்தவர்களே குழந்தைகள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய கம்பெனியில் டி.கே. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. நன்றாகப் பாடும் பையனைப் போட்டிக் கம்பெனிக்காரன் ஆசை காட்டி அழைத்துப்போய்விடுவான் என்ற பயம் முதலாளிகளுக்கு எப்போதும் உண்டு. பையன்களும் வீட்டு நினைப்பு வந்தால் ஓடிப்போகக்கூடியவர்கள். கம்பெனி வீடு, கொட்டகை, மறுபடி கம்பெனி வீடு என்றுதான் அவர்கள் நாள் போகும். டிக்கெட் வாங்கி வந்த ஒரு சிறுவன் தப்பித்தவறி உள்ளே எட்டிப் பார்த்திருந்தால், தன் வயதுப் பையன் ஒருவன் தாடி ஒட்டிக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத்தான் பார்த்திருப்பான். நவாப் ராஜமாணிக்கம் பிள்ளை கம்பெனியில் அப்படிச் சிறு வயதில் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர்தான் எம்.என். நம்பியார். பிற்காலத்தில் சினிமாவில் தமிழ்நாட்டுக் குழந்தைகள் யாரைக் கண்டு நடுங்கினார்களோ, அவரே ஒரு காலத்தில் அந்த அடைத்த வாசலுக்குள் இருந்த குழந்தை.

வாசல் நன்றாகத் திறந்தது ஐம்பதுகளுக்குப் பிறகு, சபாக்கள் பெருகியபோது. அதற்கு வாழ்வு கொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டும் என்றால் நான் ஆர்.எஸ். மனோகரைச் சொல்வேன். அவருடைய நேஷனல் தியேட்டர்ஸ் நாடகங்களின் பெயர்களை வரிசையாகப் படித்தாலே விஷயம் புரியும்: இலங்கேஸ்வரன், சூரபத்மன், சிசுபாலன், இந்திரஜித், நரகாசுரன், சுக்ராச்சாரியார். பாட்டி கதைகளில் கடைசியில் சாகிறவர்கள் எல்லாம் அவர் மேடையில் கதாநாயகர்கள். வண்ண விளக்கு, தந்திரக் காட்சி, கண்மூடித் திறப்பதற்குள் மாறும் அரண்மனை என்று குழந்தைகளை வாய் பிளக்க வைக்கும் சமாசாரம் ஏராளம். சினிமாவில் வேறு அவர் பெரிய வில்லன். 'வண்ணக்கிளி' பார்த்துவிட்டு வந்த குழந்தைக்கு அவர் முகமே போதும், பயப்படுவதற்கு. அந்தக் குழந்தை இங்கே வந்து இரண்டரை மணி நேரம் ராவணனுக்காகக் கண் கலங்கிவிட்டு எழுந்திருக்கிறது. பயமா பிரியமா என்று அதற்கே தெரியாத நிலை. அந்த நேரத்தில் எந்தக் குழந்தைக்கும் உள்ளே போய்ப் பார்க்கத்தான் தோன்றும். 2006-இல் மனோகர் காலமானபோது அந்த வகை நாடகத்துக்கே திரை விழுந்துவிட்டது என்று எழுதினார்கள். பக்கவாசலைப் பற்றி எழுதியதாக எனக்கு நினைவில்லை.

உள்ளே வந்த குழந்தையிடம் எப்படி நடந்துகொள்வது என்று எந்த நடிகருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வசனம் கிடையாது, பிராம்ப்டரும் உதவமுடியாது. எங்கள் கம்சன் குழந்தையைக் கண்டால் சும்மா இருக்கமாட்டார். கண்ணை உருட்டி ஒரு உறுமல் உறுமுவார். அப்படி ஒரு நாள் உறுமியதில் ஒரு சின்னப் பையன் நின்ற இடத்திலேயே ஈரம் பண்ணிவிட்டான், வாட்ச்மேன் வந்து எங்கள் எல்லாரையும் சேர்த்துத் திட்டினார். இதற்கு நேர் எதிராகச் சிலர், குழந்தையைப் பார்த்த கணமே "என்ன படிக்கிறே? எந்த ஸ்கூல்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதைவிட மோசம் கிடையாது. எமதர்மன் வாயிலிருந்து எந்த ஸ்கூல் என்ற கேள்வி வரக்கூடாது. கெட்டிக்காரர்கள் கேஷியரைப் போன்றவர்கள். வேஷத்தை விடவும் மாட்டார்கள், பிடித்துக்கொண்டு நிற்கவும் மாட்டார்கள். கையில் இருக்கிற ஏதாவது ஒரு சாமானைக் கொடுத்துவிட்டு, மீதியைக் குழந்தையிடம் விட்டுவிடுவார்கள்.

பெரியவர்கள் கவனிக்காத இன்னொன்றும் அங்கே நடக்கும். சில குழந்தைகள் ராவணனையோ இரண்யனையோ ஏறெடுத்தும் பார்க்காது. அவற்றின் கண் முழுக்கப் பிரகலாதன்மேல் இருக்கும். தன் வயதுப் பையன், ராத்திரி பத்து மணிக்கு விழித்திருக்க அனுமதி பெற்றவன், பட்டுப் பீதாம்பரமும் உதட்டுச் சாயமுமாகப் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு போண்டா தின்கிறவன். பொறாமை என்றால் அப்படி ஒரு பொறாமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எல்லாருக்கும் அந்த வாசல் இனித்தது என்று எழுதினால் பொய்யாகும். பெண் வேஷம் கட்டிய நடிகைகள் பலர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி வருகிறவர்கள். அன்றைக்கே இன்னொரு மேடை இருக்கும், வீடு ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும். அவர்களுக்குப் பக்கவாசல் என்றால் குழந்தையோடு வருகிறவர்கள் மட்டுமல்ல, குழந்தை இல்லாமல் வந்து நிற்கிறவர்களும்தான். அதனால் கூட வந்த அம்மாவோ அண்ணனோ முன்னால் நடக்க, முக்காட்டைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்விடுவார்கள். "சீதை மாமி எங்கே?" என்று கேட்ட குழந்தைகளுக்கு நாங்கள் ஏதாவது சொல்லிச் சமாளித்தோம்.

இனி சாவுக்குக் காரணம். எல்லாரும் டிவி என்பார்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் வந்தது. எண்பதுகளில் செவ்வாய்க்கிழமை நாடகம் வீட்டுக்கு வீடு நடந்தது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தபின் மேடை நடிகர்கள் சீரியலுக்குப் போனார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் நோய் அதற்கு முன்பே உடம்பில் ஏறிவிட்டது என்பது என் கட்சி. டிவி கழுத்தை நெரித்திருக்கலாம், சீக்கு கொடுத்தது சமூக நாடகம்.

கே. பாலசந்தர், ஒய்.ஜி. பார்த்தசாரதி, சோ, காத்தாடி ராமமூர்த்தி, பின்னால் எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் என்று சபா மேடையை எடுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் நாம் கைதட்டிக் கொண்டாடியவர்கள். ஒருவரையும் குறை சொல்ல மனமில்லை. அவர்கள் மேடையில் என்ன இருந்தது? ஒரு சோபா, ஒரு டெலிபோன், சுவரில் காலண்டர், பனியனும் வேட்டியுமாக ஒரு மாமனார், பேண்ட் சட்டையில் ஒரு மாப்பிள்ளை. மைக்கும் விளக்கும் போக வேறு சாமான் வேண்டாம். டெம்போவிலோ லாரியிலோ ஏற்ற எதுவும் இல்லை. பெரியவர்களுக்கு அது விருந்து. குழந்தையோ, முடிந்ததும் உள்ளே அழைத்துப்போனால், அதே பனியனில் அதே மாமனாரைப் பார்த்தது. வீட்டிலும் அப்பா அந்தப் பனியனில்தான் இருக்கிறார். கலைப்பதற்கு வேஷம் இல்லாத இடத்தில் குழந்தைக்குப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? பெற்றோர்கள் நடிகரின் ஜோக்கை அவரிடமே திரும்பச் சொல்லிச் சிரிப்பார்கள். குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டு, "போலாமா?" என்று சேலைத் தலைப்பை இழுக்கும். இரண்டு மூன்று தடவை அப்படி ஆனால் அடுத்த முறை பாட்டியிடம் விட்டுவிட்டு வருவார்கள். பிறகு டியூஷன், பிறகு கேபிள். அரங்கில் இப்போது தெரிகிற நரைத்த தலைகளில் பல, அந்தக் காலத்தில் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவை.

இதற்கு ஒரு கொசுறு: ஒரு காலத்தில் இந்த ஊரில் பாலர் அரங்கம் என்று குழந்தைகள் பெயராலேயே ஓர் அரங்கம் அரசினர் தோட்டத்தில் இருந்தது. எழுபதுகளில் அது கலைவாணர் அரங்கம் ஆனது. அந்தக் கட்டடமும் பிறகு இடிக்கப்பட்டு, 2016-இல் புதிய கலைவாணர் அரங்கம் திறக்கப்பட்டது. கலைவாணருக்குப் பெயர் வைத்ததில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. பாலர்களுக்கு வேறொன்று கட்டியிருக்கலாம்.

சாகக் கிடந்த உடம்பு நடுவில் ஒரு முறை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது. கிரேஸி மோகனின் 'சாக்லேட் கிருஷ்ணா' வந்தபோதுதான். 2008-இல் தொடங்கி ஆயிரம் தடவைக்கு மேல் நடந்த நாடகம். சாக்லேட் விற்கும் மாதுவைத் தேடிக் கிருஷ்ணர் வருகிறார். கிருஷ்ணராக வந்தவர் மோகனே. கிரீடம், மயிலிறகு, நகை எல்லாம் உண்டு. சமூக நாடகத்தின் நட்ட நடுவில் ஒரே ஒருவர் வேஷம் கட்டி நின்றார், உடனே குழந்தைகள் திரும்பி வந்துவிட்டன. என் கட்சிக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மூக்குக் கண்ணாடிப் பாட்டிகளும் அரைக்கால் டிராயர் பேரன்களுமாக அரங்கம் நிறைந்த காட்சியைப் பார்க்கிற பாக்கியம் எனக்கும் கிடைத்தது. 2019 ஜூன் 10-ஆம் தேதி மோகன் போனார்.

உற்றார் உறவினர் பட்டியல் இல்லாமல் இரங்கல் முடியாது. பெரிய பங்காளி தெருக்கூத்து இன்னும் திடமாக இருக்கிறார். திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கம் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ கோயில் மண்டபத்திலோ வேஷம் கட்டுவார்கள். ஊர்க் குழந்தைகள் மாலையிலிருந்தே சுற்றி உட்கார்ந்துவிடும். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடி பதித்த புஜகீர்த்தியைக் கயிறு போட்டு இறுக்க, "இதப் பிடிடா" என்று ஒரு பையனிடமே கொடுப்பார்கள். அங்கே குழந்தை முதலில் மனிதனைப் பார்க்கிறது, பிறகு துரியோதனனை. சபாவில் முதலில் துரியோதனன், பிறகுதான் கேஷியர். இரண்டும் ஒன்றல்ல. கூத்துப் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு அந்தக் கதாயுதம் எப்போதுமே ஏமாற்றம் தராது, ஏனென்றால் அதற்கு வண்ணம் பூசப்பட்டதை அந்தக் குழந்தை பார்த்திருக்கிறது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகக்காரர்களும் இருக்கிறார்கள். அங்கே வள்ளி திருமணம் விடியவிடிய நடப்பதால் முடிகிற நேரத்தில் எந்தக் குழந்தையும் விழித்திருக்காது.

சென்னையில் மிச்சம் இருப்பது சாமான்கள். நாடக டிரஸ் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் சில இன்னும் உண்டு. எங்கள் குழு கலைந்த பிறகு கதாயுதம், கிரீடம், பத்துத் தலை எல்லாம் அப்படி ஒரு கடைக்குத்தான் போயின. போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது ஏறிப் பார்த்தேன். வியாபாரம் மோசமில்லை என்றார் கடைக்காரர். இப்போது எடுப்பவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்து அம்மாக்கள். மாறுவேடப் போட்டி, ஆண்டு விழா. ராவணனுக்கு மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரை அளவு வைத்திருக்கிறார். நான் நிற்கும்போதே ஒரு அம்மா தன் பையனுக்குப் பத்துத் தலையை மாட்டிப் பார்த்தாள். பக்கத்துக்கு ஐந்தாகப் போகாமல் இடது பக்கம் நாலு, வலது பக்கம் அஞ்சு என்று இருப்பதால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எங்கள் காலத்திலும் சாயும், நாங்கள் உள்ளே ஈயத் துண்டு வைத்துக் கட்டுவோம். அதைக் கடைக்காரரிடம் சொன்னேன். "ஈயம்லாம் வச்சா குழந்தைக்குக் கழுத்து வலிக்கும் சார், கம்ப்ளெயின்ட் வரும்" என்றார். பையனுக்குக் கவலை வேறு. மேடையில் இரண்டு நிமிஷம்தானாம், ஒரு பாரா இங்கிலீஷில் ஒப்பிக்க வேண்டுமாம், வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா மீசையும் வேண்டும் என்று கேட்டாள். மீசை திருப்பி வாங்குவதில்லை, விலைக்குத்தான், அறுபது ரூபாய். தலையில் ஜிகினா உதிர்ந்தால் முன்பணத்தில் கழித்துக்கொள்வார்களாம்.